ரஷீத் பைராம்ஜி

இந்தியாவின் தலைசிறந்த பந்தயக் குதிரைப் பயிற்சியாளர்களுள் ஒருவர். பெங்களூரில் லாயம் அமைத்து தரோபிரெட் இனக் குதிரைகளைப் பழக்கினார். மும்பை மகாலட்சுமி மைதானத்தில் 1943 முதல் நடக்கும் இந்தியன் டெர்பியில் (2,400 மீட்டர்) இவர் பயிற்றுவித்த குதிரைகள் 12 முறை வென்றுள்ளன.

இவருடைய புகழ்பெற்ற குதிரை ஸ்குவாண்டரர். 19 பந்தயங்களில் ஓடி 18-இல் வென்ற அது, 1976–77 பருவத்தில் கின்னீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் ஆகிய மூன்றையும் வென்று மும்மகுடம் சூடியது. அதைச் செலுத்திய ஜாக்கி வசந்த் ஷிண்டே.

கின்னீஸின் 1,600 மீட்டர் வேக ஓட்டத்துக்கும் செயின்ட் லெஜரின் 2,800 மீட்டர் நெடு ஓட்டத்துக்கும் ஒரே குதிரையை ஒரே பருவத்தில் தயார்படுத்துவது கடினம். தீவனம், காலைப் பயிற்சி, ஓய்வு ஆகியவற்றைப் பயிற்சியாளரே வகுக்க வேண்டும். அதனால் மும்மகுடம் குதிரைக்கு மட்டுமன்றிப் பயிற்சியாளருக்கும் உரிய சாதனையாகக் கருதப்படுகிறது.