வங்கக் கடற்புயலும் தென்னலைவும்

வங்காள விரிகுடாவில் ஓராண்டில் எத்தனை புயல்கள் எழும் என்பது அவ்விரிகுடாவின் நீரையும் காற்றையும் மாத்திரம் பொறுத்ததன்று. பல்லாயிரம் மைலுக்கு அப்பால், பசிபிக் மகாசமுத்திரத்துக்கும் இந்து மகாசமுத்திரத்துக்கும் இடையே, ஒரு பக்கம் வாயுமண்டலத்தின் அழுத்தம் ஏற மறுபக்கம் இறங்குவதாகிய பெரியதோர் ஊசலாட்டம் உண்டு. தென்னலைவு எனப்படும் அவ்வூசலாட்டத்தின் நிலைக்கும், நாகப்பட்டினத்திலோ மசூலிப்பட்டினத்திலோ கரையேறும் புயல்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருக்கிறது. உலக முழுவதும் ஆண்டொன்றில் ஏறத்தாழ 80 புயல்கள் தோன்ற, வட இந்து சமுத்திரத்தின் பங்கு சராசரியாக 5 தான். அவற்றுள் நான்கு வங்கக் கடலுக்கு உரியவை. தொகை சிறிது. எனினும், கரை தாழ்ந்தும், கடலின் தலைப்பகுதி ஆழமற்றும், மக்கள் நெருங்கியும் இருப்பதால், 1970 நவம்பரில் போலாத் தீவு முதலிய இடங்களில் ஓர் இரவில் லட்சக்கணக்கானோரை வாரிக்கொண்டு போன கொடுமை இக்கடலுக்கே உரியதாயிற்று.

ஐப்பசியும் கார்த்திகையும் அபாயகரமான மாதங்கள் என்பதைக் கரையோர மக்கள் எந்த விஞ்ஞானியும் வந்து சொல்வதற்கு முன்பே அறிந்திருந்தனர். வாடையும் கொண்டலும் எப்போது திரும்பும், எந்தத் திசை கறுத்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர்களுடைய அன்றாட அநுபவம். ஐரோப்பிய வணிகரோ இதைப் பெருவிலை கொடுத்தே கற்றார்கள். 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள், வெற்றிக்களிப்பு ஆறுமுன் அக்டோபர் மாதப் புயலொன்றிற் சிக்கிச் சிதறின. 1761ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கடற்படையும் அவ்வாறே பல கப்பல்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளையும் இழந்தது. துறைமுகம் இல்லாத திறந்த கரையாகிய சென்னையிலிருந்து அக்டோபர் பாதியிலேயே கப்பல்கள் விலகிவிடும் வழக்கம் இத்தகைய பாடங்களால் வலுப்பட்டதே. பிற்காலத்திற் கட்டிய துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்களையும் 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது.

புயலைப் பற்றிய முறையான ஆராய்ச்சி கல்கத்தாவில் தொடங்கியது. அங்கே கப்பல் விபத்துக்களை விசாரிக்கும் மன்றத்தில் இருந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளின் நாட்குறிப்புக்களை ஒப்பிட்டுப் பார்த்து, காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்று விளக்கி, சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை 1848இல் அமைத்தார். இன்று உலகமெங்கும் வழங்கும் அச்சொல் வங்கக் கடலின் பிள்ளை என்று சொன்னால் அது மிகையன்று. ஆனால் பிடிங்டன் ஆராய்ந்தது ஒரு புயல் நடக்கும் விதத்தை; ஓராண்டில் புயல்கள் மலிவதும் மற்றோராண்டில் அருகுவதும் ஏன் என்ற கேள்வி அவர் காலத்தில் எழவில்லை. 1864இல் அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் அடுத்தடுத்துப் புயல் அழித்ததும், அதன்பின் மழை பொய்த்துப் பஞ்சம் நேர்ந்ததும் அரசாங்கத்தை உறுத்தவே, 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது.

விசித்திரம் என்னவெனில், புயலின் எண்ணிக்கைக்குரிய திறவுகோலைக் கண்டவர் புயலைத் தேடிப் போனவர் அல்லர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சமும், 1899இன் மழைக் குறைவும் மனத்தில் நிற்க, பருவமழையை முன்கூட்டி அறிய வழியுண்டா என்பதே அக்கால அதிகாரிகளின் ஒரே கவலை. 1904இல் துறையின் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் முதலிடம் பெற்ற கணித நிபுணர். வானிலை சாஸ்திரத்தில் முன்பயிற்சி இல்லாதவர். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த அழுத்தம், மழை, உஷ்ணம் ஆகியவற்றின் பதிவுகளை, கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், இந்தியக் குமாஸ்தாக்களைக் கொண்டு கையாலேயே ஒன்றோடொன்று பெருக்கியும் வகுத்தும் ஒப்பிடுவித்தார். (இதே வாக்கர்தாம் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் இருந்த இராமாநுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, அவருக்கு ஆராய்ச்சிக்கென உபகாரச் சம்பளம் அளிக்குமாறு பல்கலைக்கழகத்துக்கு எழுதினார், வானிலைக் கணக்குக்காக அவர் பட்ட பாட்டைவிட இந்த ஒரு கடிதமே பலித்தது என்று சொல்வாரும் உண்டு.) இருபது ஆண்டு உழைப்பின் முடிவில், பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்து சமுத்திரத்தில் தாழ்கிறது, அங்கே தாழும்போது இங்கே ஏறுகிறது என்று கண்டு, அதற்குத் தென்னலைவு என்று பெயரிட்டார். இன்று தாஹித்தித் தீவின் அழுத்தத்துக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே அதன் அளவுகோல். அவர் தேடிய பஞ்ச முன்னறிவிப்பு எதிர்பார்த்த அளவு கைகூடவில்லை. காரணம் சொல்ல முடியாத வெறும் எண்ணொற்றுமை என்று பலர் ஒதுக்க, கண்டுபிடிப்பு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தூங்கியது.

அதை எழுப்பியவர் நார்வே நாட்டவரான யாக்கப் பியெர்க்னெஸ். பெரு நாட்டு மீனவர், கிறிஸ்துமஸை ஒட்டித் தம் கரையில் வெந்நீரோட்டம் வந்து மீன்வளத்தைக் குறைக்கும் நிகழ்ச்சியை, குழந்தை இயேசுவை நினைத்து எல் நினோ என்று அழைத்து வந்தனர். அந்த வெந்நீரும் வாக்கரின் ஊசலும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்று பியெர்க்னெஸ் 1969இல் காட்டினார். மேற்குப் பசிபிக்கின் வெப்பமான நீருக்கு மேல் காற்று எழும்பி, உயரத்திற் கிழக்கே சென்று, பெருவின் குளிர்ந்த நீருக்கு மேல் இறங்கும் சுற்றோட்டத்துக்கு ‘வாக்கர் சுற்றோட்டம்’ என்று பெயர் வைத்து, மறக்கப்பட்டவருக்கு மரியாதையும் செய்தார்.

இனி, இதன் செல்வாக்கு வங்கக் கடலை எட்டும் விதத்தைக் காண்போம். புயல் உருவாகக் கடல்நீர் 26 பாகைக்கு மேல் சூடாயிருந்தால் மட்டும் போதாது. தரையை ஒட்டி வீசும் காற்றுக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் வேகத்திலும் திசையிலும் பெரிய மாறுபாடு இருத்தலாகாது. மாறுபாடு மிகுந்தால், அடுக்கி எழும் மேகக் கோபுரம் தலைவேறு உடல்வேறாகச் சாய்ந்து கலைந்துபோகும். தென்மேற்குப் பருவக்காற்று கீழே மேற்கிலிருந்தும், மேலே காற்று கிழக்கிலிருந்தும் பலமாக வீசும் ஆனி முதல் ஆவணி வரை வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் தோன்றினாலும் முழுப்புயல்கள் அரிதாயிருப்பது இதனாலேதான். எல் நினோ ஆண்டுகளில் காற்று எழும்பும் களம் பசிபிக்கின் நடுவே நகர்ந்துவிட, இந்தோனேசியாவுக்கும் அதையடுத்த கடலுக்கும் மேல் காற்று இறங்கி மேகத்தை அமுக்குகிறது. வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எழும் புயல்கள் குறைகின்றன. எதிர்நிலையாகிய லா நினாவில் அவை பெருகுவதோடு, அந்தமானை ஒட்டிக் கிழக்கிலேயே பிறப்பதால் நெடுந்தூரம் வெந்நீரின்மேல் நடந்து வலுப்பெறவும் வாய்ப்புண்டு. 1964 டிசம்பரில் பூமத்திய ரேகைக்கு அருகில் பிறந்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்து, பாம்பனிலிருந்து சென்ற ரயிலோடு தனுஷ்கோடியை விழுங்கிய புயலும், 1999இன் ஒரிஸாப் பெரும்புயலும், 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைச் சிதைத்த ‘தானே’யும் லா நினாக் காலத்தன.

அட்லாண்டிக் கரையிலும் எல் நினோ புயலைத் தடுக்கிறது என்பதை அமெரிக்கரான வில்லியம் கிரே 1984இல் நிறுவி, பருவத்துக்கு முன்பே புயலின் எண்ணிக்கையைக் கூறும் வழக்கத்தைத் தொடங்கினார். நமது கடலின் கணக்கில் வேறு இரண்டும் சேரும். முப்பது முதல் அறுபது நாளுக்கொருமுறை பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் மேகத்திரள் ஒன்றை மேடனும் ஜூலியனும் 1971இல் கண்டறிந்தனர். அது இந்து சமுத்திரத்தின் மேல் வரும் வாரங்களில் புயல் பிறப்பது எளிது. 1999இல் சாஜி, கோஸ்வாமி, விநயசந்திரன், யமகாதா ஆகியோர் விவரித்த இந்து சமுத்திர இருமுனை நிலையில், மேற்கே நீர் சூடேறிக் கிழக்கே ஆறும்போது புயலின் கிழமை அரபிக் கடலுக்குக் கைமாறும். 2019இல் அரபிக் கடலில் 5 புயல்கள் எழுந்தது அவ்வாறே.

ஆயினும் எண்ணிக்கை வேறு, ஊறு வேறு. எல் நினோ புயலைக் குறைக்கும் அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் மிகுகிறது என்பது இத்துறையின் முரண்களுள் முதன்மையானது. வலிய எல் நினோ நிகழ்ந்த 2015இல் ஒரு புயலும் தமிழகக் கரையைத் தொடாமலே, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிச் சென்னை மூழ்கியது. எல் நினோ ஆண்டாகிய 1977இன் நவம்பரில், ஒரு வார இடைவெளியில், ஒரு புயல் நாகப்பட்டினத்தையும் மற்றொன்று ஆந்திரத்தின் திவிசீமையையும் தாக்கின. எல் நினோ அரும்பிய 2018இல் வேதாரணியத்தருகே கரையேறிய ‘கஜா’, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் ஒரு தலைமுறையாக வளர்ந்த தென்னைகளை வேரோடு சாய்த்துக் கிடத்தியது. 2023இல் எல் நினோ உச்சத்தில் இருக்கும்போதே ‘மிக்ஜாம்’ சென்னைக்கு அருகிற் கடலில் தாமதித்து நகரை நனைத்துவிட்டு பாபட்லாவை நோக்கிப் போயிற்று.

ஆதலால், ஊசல் நிலையைக் கொண்டு பருவத்தின் போக்கைச் சில மாதங்களுக்கு முன்னரே கூறினாலும், துறைமுகங்களிற் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது இன்றும் சில நாட்களுக்கு முன்புதான். கம்பத்திற் பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளுமாகத் தொங்கும் அவ்வெச்சரிக்கை 1 முதல் 11 வரை எண்ணுடையது. 10ஆம் எண் வரை புயலின் தன்மையையும், அது துறைமுகத்தின் எப்பக்கம் கடக்கும் என்பதையும் குறிக்கும். 11ஆம் எண், வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டதையும், துறைமுக அதிகாரி தம் கண்ணால் வானத்தைப் பார்த்து ஆபத்தைத் தாமே தீர்மானித்ததையும் குறிப்பது.