கல்குடா கடலடியில் எண்ணெய்க் கப்பல்! ஜப்பான் விமானங்கள் தாழ்த்தியது... இன்று மீன்களுக்கு வீடு

வாழைச்சேனை:

பாசிக்குடாவில் குளிக்கப் போகிற சனத்துக்குத் தெரிவதெல்லாம் இடுப்பளவு நீலத் தண்ணீர்தான். ஆனால் இதே கடலில் படகெடுத்துக் கொஞ்சத் தூரம் ஓடினால், ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் 80 வருஷத்துக்கும் மேலாக அடியில் கிடக்கிறது. அதன் பெயர் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்'. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாழ்த்திய கப்பல் இது.

30 வருஷ உள்நாட்டு யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட இந்தக் கப்பல், இனியும் தப்புமா என்பதுதான் கேள்வி.

யாருடைய கப்பல்?

1922-ம் ஆண்டு கட்டப்பட்ட கப்பல். கொள்ளளவு 5,868 டன். 'பிரிட்டிஷ் டேங்கர் கம்பெனி' என்ற நிறுவனத்துக்குச் சொந்தமானது. இன்றைக்கு 'பிபி' என்று உலகமெல்லாம் பெட்ரோல் விற்கிற கம்பெனியின் பழைய கப்பல் பிரிவுதான் அது. அவர்களுடைய கப்பல்கள் எல்லாவற்றுக்கும் 'பிரிட்டிஷ்' என்றுதான் பெயர் தொடங்கும்.

1942-ல் நடந்தது என்ன?

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அடுத்த குறி இலங்கை. அட்மிரல் நகுமோ தலைமையில் 5 விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஜப்பான் படை இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது.

ஏப்ரல் 8-ந் தேதி, ஜப்பான் கப்பல்கள் திருகோணமலைப் பக்கம் வருவதை வேவு விமானம் கண்டுவிட்டது. துறைமுகத்துக்குள் நின்றால் அழிவுதான் என்று, அன்றிரவே கப்பல்களை வெளியே போகச் சொன்னார்கள். விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்', அதற்குக் காவலாக ஆஸ்திரேலியாவின் 'வம்பயர்' என்று பல கப்பல்கள் கரையோரமாகத் தெற்கே மட்டக்களப்புப் பக்கம் வந்தன.

ஏப்ரல் 9 காலையில் திருகோணமலையில் குண்டு மழை. சீனக்குடா விமானத்தளம் அடிவாங்கியது. எண்ணெய்க் குதங்களில் ஒன்று எரிந்து நாசமானது. 'சகாயிங்' என்ற கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே தீப்பிடித்தது. (கடலடியில் கிடந்த அந்தக் கப்பலை 2018-ல்தான் இலங்கைக் கடற்படை தூக்கி அப்புறப்படுத்தியது.)

விமானம் இல்லாத விமானந்தாங்கி!

குண்டு வீச்சு முடிந்ததென்று 'ஹெர்மிஸ்' திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம், ஜப்பானின் வேவு விமானம் அதைக் கண்டுவிட்டது. 80-க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. 'ஹெர்மிஸ்' மீதோ ஒரு விமானம்கூட இல்லை! கரையில் இருந்து உதவிக்கு வந்த விமானங்களும் பிந்திவிட்டன. 11 மணிக்குள் கப்பல் தாழ்ந்தது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். அடுத்து 'வம்பயர்' போனது. 'வீட்டா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல்தான் தண்ணீரில் தத்தளித்த சுமார் 600 பேரைத் தூக்கிக் காப்பாற்றியது.

குண்டு மிச்சமிருந்த விமானங்கள் அக்கம்பக்கம் நின்ற கப்பல்களைத் தேடின. 'அதெல்ஸ்டேன்' என்ற எண்ணெய்க் கப்பல், அதற்குக் காவலாக வந்த 'ஹொலிஹொக்', நோர்வே நாட்டுச் சரக்குக் கப்பல் 'நோர்விக்கன்'... எல்லாம் போயின. அதே வரிசையில்தான் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' கப்பலும். குண்டு பட்டு அது இரண்டாக உடைந்தது. கப்பல் ஆட்கள் உயிர்காப்புப் படகுகளில் ஏறிக் கரை சேர்ந்தார்கள்.

எண்ணெய்க் கப்பலை அடிப்பது ஏன்?

போர்க் கப்பலுக்குப் பீரங்கி எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் எண்ணெய். எண்ணெய் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட கப்பலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். திருகோணமலையில் வெள்ளைக்காரன் வரிசை வரிசையாக எண்ணெய்க் குதம் கட்டியதும் இதற்காகத்தான். அதனால்தான் உலகப் போரில் எண்ணெய்க் கப்பலைக் கண்டால் எதிரி விட்டுவைப்பதில்லை.

இப்போது எப்படி இருக்கிறது?

கப்பல் கிடப்பது சுமார் 24 மீற்றர் ஆழத்தில். கடல்தொழில் செய்கிறவர்கள் கணக்கில் 13 பாகம். 'ஹெர்மிஸ்' கிடப்பதோ 50 மீற்றருக்கும் மேலே. அதற்குத் தனிப் பயிற்சி எடுத்தவர்கள்தான் இறங்கலாம். 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' அப்படி இல்லை. 2009-ல் யுத்தம் முடிந்த பிறகு பாசிக்குடாவுக்கு வருகிற சுழியோடிகள் இதைப் பார்க்கவென்றே படகு பிடித்துப் போகிறார்கள். படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் அது வருமானம்.

மீன்பிடிக்கும் இதனால் லாபம்தான். வெறும் மணல் தரையில் மீன் தங்காது; ஒதுங்க இடம் வேண்டும். இரும்புத் தகட்டில் சிப்பியும் பாசியும் பிடிக்கும். அதைத் தின்ன சின்ன மீன் வரும். சின்ன மீனைத் தின்னப் பாரையும் கலவாயும் வரும். பாறையில் இருக்கிற 'பார்' எப்படியோ அப்படித்தான் தாண்ட கப்பலும்.

ஒரு வெடி... எல்லாம் போச்சு!

இந்த வீட்டுக்கு முதல் எதிரி டைனமைட். ஒரு வெடி போட்டால் பெரிய மீன் மட்டும் சாவதில்லை. குஞ்சு, முட்டை எல்லாம் சேர்ந்து அழியும். செத்த மீனில் பல மிதக்காமல் அடியிலேயே கிடந்து அழுகிப்போகும். துருப்பிடித்த கப்பல் தகடும் வெடி அதிர்ச்சியில் உதிரும். தகடு விழுந்தால் மீன் ஒதுங்க இடமில்லை. அன்றைக்கு வெடி போட்டவருக்கு ஒரு நாள் காசு. அந்த இடத்தில் தூண்டில் போடுகிற மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் நட்டம். 1996-ம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி வெடி போட்டு மீன் பிடிப்பது குற்றம்.

இரண்டாவது எதிரி பழைய இரும்பு ஆசை. "கடலடியில் கிடக்கிற கப்பலை யார் களவெடுப்பான்?" என்று நினைக்க வேண்டாம். இதே 1942-ல், ஜப்பான் கடற்படை இந்தோனேசியாவின் ஜாவா கடலில் தாழ்த்திய நெதர்லாந்துப் போர்க் கப்பல்கள் 'டி ருய்டர்', 'ஜாவா' இரண்டும் 2016-ல் போய்ப் பார்த்தபோது கிடந்த இடத்தில் இல்லை! மணலில் பள்ளம் மட்டும் இருந்தது. அவை நூற்றுக்கணக்கான பேர் இறந்த கப்பல்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மூச்சடக்கி இறங்குகிறவர்கள் கவனத்துக்கு

10 மீற்றர் இறங்கினால் உடம்பின் மேல் காற்றழுத்தம் இரு மடங்கு. 24 மீற்றரில் மூன்று மடங்குக்கும் மேல். சிலிண்டர் போட்டு இறங்கி அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி கட்டும். கைகால் விழலாம், உயிரும் போகலாம். தகட்டுக்கு இடையில் அறுந்த வலையும் தங்கூசியும் சிக்கிக் கிடக்கலாம். போர்க்காலக் கப்பல் என்பதால், குண்டு போலத் தெரிகிற எதையும் தொடவே கூடாது.

2042-ல் நூறு வயது

யுனெஸ்கோவின் 2001-ம் ஆண்டு ஒப்பந்தம், தண்ணீருக்கு அடியில் 100 வருஷம் கிடந்த கப்பல்களைத்தான் பாரம்பரியச் சொத்தாகக் கணக்கெடுக்கிறது. 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' அந்தக் கணக்குக்கு வர 2042 ஏப்ரல் ஆக வேண்டும்.

இதே கிழக்குக் கடலில் 2020 செப்டம்பரில் 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்து, 2 லட்சத்து 70 ஆயிரம் டன் எண்ணெயோடு மிதந்தபோது அம்பாறைக் கரையே நடுங்கியது. அந்த எண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பியது பெரிய புண்ணியம். ஒரு கப்பல் நினைத்தால் கடலை அழிக்கவும் முடியும், மீனை வாழவைக்கவும் முடியும். கல்குடாவில் கிடக்கிற கப்பல் வாழவைக்கிற கப்பல். ஜப்பான்காரன் போட்ட குண்டுக்குப் பிறகும் மிஞ்சியதை நம்ம ஆட்கள் போடுகிற டைனமைட்டுக்குப் பறிகொடுத்தால், நட்டம் கரையில் அடுப்பெரிகிற வீடுகளுக்குத்தான்.