இஸ்தோப்பை அடைக்க யாரிடம் கேட்பது?

இங்கிலாந்தில் வரிசை வீடொன்றின் சொந்தக்காரர், பின்புறத்தில் 3 மீட்டர் வரை தரைமட்ட அறையொன்றை இழுத்துக் கட்டலாம். உயரம் முதலான சில நிபந்தனைகளை மீறாவிட்டால் திட்டமிடல் அனுமதிக்கு அவர் விண்ணப்பிக்கவே வேண்டியதில்லை. தனி வீடென்றால் இந்த அளவு 4 மீட்டர். அதற்கு மேல் போனால்தான் அக்கம்பக்கத்தார் கருத்து, உள்ளூராட்சி மன்றம் என்று பேச்சு வரும்.

பிரித்தானியத் தோட்டத்துரைமார் இலங்கை மலையகத்தில் கட்டிவைத்துப் போனவையும் வரிசை வீடுகள்தான். ஆனால் அட்டனிலோ தலவாக்கலையிலோ லயம் எனப்படும் அந்த வரிசையின் ஓரறைக் காம்பராவில் குடியிருந்தவர், இஸ்தோப்பு என்ற முன்பக்கத் தாழ்வாரத்தை நாலு பலகை வைத்து அடைக்கவும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தைப் பெறவேண்டியிருந்தது. எத்தனை அடி வரை கட்டலாம் என்று சொல்லும் விதியும் இல்லை. மறுத்தால் எங்கே முறையிடுவது என்று காட்டும் விதியும் இல்லை. துரை சரி என்றால் சரி. ஒரு வீட்டை நீட்டிக் கட்டும் உரிமை இப்படித் தனியொருவர் விருப்பத்தில் போய் முடங்கியது எப்படி என்பதற்கு நீண்ட சட்ட வரலாறு உண்டு.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து பருவத்துக்கு வந்து போனவர்கள். அவர்களுக்குக் கிடைத்தவை மண்ணாலும் புல்லாலும் ஆன குடிசைகள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கின. கல்சுவரும் தகரக் கூரையுமாக லயங்கள் நிலையான கட்டிடங்களாயின. ஒரே கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள். இடச் செலவைக் குறைக்க முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களும் எழுந்தன. காம்பராவுக்கு வழக்கமாக நிலைத்த அளவு 10 அடிக்கு 12 அடி. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அந்த 120 சதுர அடிக்குள்தான்.

சட்டம் லயத்துக்குள் நுழைந்தது நோய் வழியாக. 1912இல் தொழிலாளர் நோய்கள் கட்டளைச்சட்டம் வந்தது. லயத்தைச் சுகாதாரமாக வைத்திருக்கும் பொறுப்பை அது தோட்டத்துரையின் தலையில் சுமத்தியது. கூரை, வடிகான், காற்றோட்டம் பற்றிய கவனிப்பு வந்தது நல்லதுதான். ஆனால் வீட்டைப் பற்றிப் பேசிய அந்தச் சட்டம் குடியிருப்பவரிடம் எதையும் கேட்கவில்லை, அவருக்கு எந்த உரிமையையும் தரவுமில்லை. கட்டுபவர் துரை, திருத்துபவர் துரை, பதில் சொல்லவேண்டியவரும் துரை.

மூன்றே ஆண்டில், 1915இல், வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் வந்தது. உள்ளூராட்சி எல்லைக்குள் கட்டிடம் எழுப்புவதற்கும் மாற்றிக் கட்டுவதற்கும் வரைபடம் கொடுத்துச் சபைத் தலைவரின் எழுத்துமூல அனுமதி பெறவேண்டும் என்பது அதன் சாரம். இன்றும் இலங்கையில் கட்டிட அனுமதிக்கு இதுவே ஓர் அடித்தளம். ஆக, நகரத்துக் கடைக்காரர் தன் வீட்டுக்குப் பின்னால் குசினி கட்ட வரைபடத்தோடு சபைக்குப் போனார். சில மைல் தள்ளி மேட்டு லயத்திலிருந்தவருக்கு வரைபடம் கொடுக்க ஒரு சபையே இல்லை. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோதும் இந்தியத் தோட்டத் தொழிலாளர் அதன் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்பாடுகளும் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கின. குடியுரிமை இல்லாதவர் அரச காணியில் பங்கு கேட்க முடியாது. காணி இல்லாதவர் கட்டிட அனுமதி என்ற பேச்சையே எடுக்க முடியாது. நாடற்றோர் பற்றி இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தொடங்கி, குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இந்த முடிச்சு அவிழ நாற்பது ஆண்டு பிடித்தது.

இந்த இடைவெளியில் குடும்பம் பெருகியது, காம்பரா பெருகவில்லை. வளர்ந்த மகளும் மணமான மகனும் ஓரறையில் என்ன செய்வார்கள்? மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதை எடுத்துக்கொண்ட வலி இதுதான். எந்த ஆணைக்குழு அறிக்கையையும்விட அது இந்த இடநெருக்கடியை நேராகச் சொல்லிவிடுகிறது.

தொழிலாளர் கண்ட வழி, இருந்ததை இழுத்துக் கட்டுவது. முதலில் இஸ்தோப்பு அடைபடும். அது படுக்கும் இடமாகவோ அடுப்படியாகவோ மாறும். பிறகு கோடிப்பக்கம் தகரச் சாய்ப்பு இறங்கும். தொங்கல் காம்பராக்காரருக்கு ஒரு பக்கச் சுவர் வெளியே திறந்திருப்பதால் கொஞ்சம் யோகம். நடுக் காம்பராக்காரருக்கு முன்னும் பின்னும் மட்டுமே வழி. முன்னால் கான் ஓடும், பின்னால் மண்மேடு நிற்கும். கூரையும் சுவரும் பொது என்பதால் ஒருவர் கைவைத்தால் அடுத்த வீட்டில் ஒழுகும். எனவே இங்கே அளவு விதி தேவையில்லை என்று யாரும் வாதிட முடியாது. அந்த விதியை எழுதுபவர் சம்பளம் கொடுப்பவராகவே இருந்ததுதான் கோளாறு.

தோட்டங்கள் கைமாறியபோது இது மாறியிருக்கலாம். 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. குத்தகை 53 ஆண்டு என்று பின்னர் முடிவானது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, காம்பராவில் இருப்பவருக்கு வேலையோடு ஒட்டிய குடியிருப்பு மட்டும். அதே 1992இல் பெருந்தோட்ட வீடமைப்பு மற்றும் சமூக நலன்புரி நம்பகம் உருவானது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குவது அதுவே. கூரை மாற்றம், கழிப்பறை, சுயவுதவி வீட்டுக் கடன் என்று அது செய்த வேலை கணிசமானது. கடன் தவணை சம்பளத்தில் கழிந்தது. சம்பளத்தில் கழித்துக் கட்டிய வீட்டுக்கும் உறுதி கையில் வராத நிலை பரவலாக இருந்தது. சொந்தக் காசைப் போட்டு, சொந்தமில்லாத மண்ணில் சுவர் எழுப்பும் துணிச்சலை இந்த மக்களிடம்தான் கற்க வேண்டும்.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. அதன் பிறகு தனி வீட்டுப் பேச்சுக்கு வேகம் வந்தது. 2015க்குப் பின் பழனி திகாம்பரத்தின் அமைச்சின் கீழ் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு என்ற அளவு நிலைபெற்றது. இந்திய உதவியில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்.

இந்த அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல். 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,905 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு மூன்றிலொரு பங்கைக்கூடப் பிடிக்காது. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வீட்டுக் காணிக்கு வைத்த பொதுவான குறைந்தபட்ச அளவு 150 சதுர மீட்டர், அதாவது சுமார் 6 பேர்ச்சஸ். 7 பேர்ச்சஸ் அதைத் தாண்டிவிடுகிறது. பழைய காம்பராவோடு ஒப்பிட்டால் வீடு நாலரை மடங்கு. அதற்கு மேலும் ஓர் அறை சேர்க்க இடமுண்டு. வீட்டை நீட்டுவதற்கான இடம் இங்கே கணக்கிலேயே வந்துவிட்டது.

2018இல் இரண்டு சட்ட மாற்றங்கள் நடந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளில் பணம் செலவழிப்பதைத் தடுத்து வந்தது; அது திருத்தப்பட்டது. மலையகப் புதிய கிராமங்களுக்கான அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் 32ஆம் இலக்கத்தில் நிறைவேறியது. அதே காலத்தில் பெரிய அம்பகமுவ சபை பிரிந்து மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் பிறந்தன. நுவரெலியாப் பக்கம் கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகளாயின. 1915இல் நகரத்தாருக்குக் கிடைத்த சபை வாசல் தோட்டத்தாருக்கு நூறாண்டு பிந்தித் திறந்தது.

திறந்த வாசலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வாசல்கள். 2011 முதல் மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி அமைப்பின் சான்று கேட்கப்படுகிறது. சரிவை வெட்டிச் சாய்ப்பு இறக்குவது எத்தனை ஆபத்து என்று தெரிந்தவர்கள் இதைக் குறை சொல்லமாட்டார்கள். குத்தகைக்காரக் கம்பனியின் சம்மதமோ வேறு வகை. அதற்கு அளவுமில்லை, காலக்கெடுவுமில்லை. 2023 ஆகஸ்டில் மாத்தளை இரத்வத்த தோட்டத்தில் தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிக வீடு தோட்ட நிர்வாகத் தரப்பினரால் உடைக்கப்பட்ட காட்சி நாடெங்கும் பரவியது. அமைச்சர் ஜீவன் தொண்டமான் நேரில் தலையிட்டார். அனுமதியின்றிக் கட்டிய வீடாக இருந்தாலும் நகரத்தில் அறிவித்தலும் நீதிமன்றமும் குறுக்கே நிற்கும். தோட்டத்தில் அந்த இடத்தில் யாரும் இல்லை.

தீர்வு பெரிய புதிர் அல்ல. அபாயம் இல்லாத ஒவ்வொரு லயத்தின் குடியிருப்புக் காணியையும் நில அளவையாளர் அளந்து, குத்தகையிலிருந்து விடுவித்து, குடும்பத்தின் பெயருக்கு உறுதி கொடுக்க வேண்டும். அந்த வரைபடத்தை வைத்து, எத்தனை அடி வரை அனுமதியின்றிக் கட்டலாம், எங்கே ஆராய்ச்சி அமைப்பின் சான்று தேவை என்பதைப் பிரதேச சபை தமிழில் அச்சிட்டு ஒட்ட வேண்டும். கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. அதுவரை காத்திருக்கச் சொல்லாமல், வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே இந்த அளவைக்குப் பணம் ஒதுக்கும்படி மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும்.