திருகோணமலைத் துறைமுகமும் கடல் கடந்த பணமும்



திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் போர்க்கப்பல்களின் கதையையே சொல்லுவர். 1624இல் அங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கேயரையும், 1639இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தரையும், 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே அதனை மாறிமாறிக் கைக்கொண்ட ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் நாம் அறிவோம். அத்துறைமுகத்திலே கூலி பெற்ற தொழிலாளி, கடலுக்கு அப்பால் இருந்த மனைவி மக்களுக்கு அந்தக் கூலியை எவ்வாறு அனுப்பினான் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அந்தக் கதையையே இன்று காண்போம்.

கடல் கடந்து பணம் செல்வதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். ஒன்று, பணத்தை வாங்குபவன் மீது நம்பிக்கை. இரண்டு, நியாயமான மாற்று விலை. மூன்று, அரசாங்கத்தின் அனுமதி. இம்மூன்றில் ஒன்று பழுதுபட்டாலும், ஊரிலே அடுப்பு எரிவது தடைப்படும்.

முதலில் நம்பிக்கையைப் பார்ப்போம். பிரித்தானியர் காலத்திலே கொழும்பில் இயங்கிய அந்நிய வங்கிகள் தோட்டத் துரைமாருக்கும் ஏற்றுமதி வணிகருக்கும் உரியனவாக இருந்தன. அவற்றின் படியில் ஏழைத் தொழிலாளி கால் வைத்தவன் அல்லன். பெரிய வங்கியாயினும் ஆபத்து அற்றதன்று என்பதை 1884ஆம் ஆண்டு உணர்த்திற்று. கோப்பிப் பயிர் அழிந்ததைத் தொடர்ந்து, இலங்கையிலே நாணயத்தாள் வெளியிட்டு வந்த ஓரியண்டல் வங்கி அவ்வாண்டு முறிந்தது. தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்திராவிடில், அவை வெறுங் கடதாசியாகியிருக்கும். அடுத்த ஆண்டிலே, 1885இல், அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றியது. சிறு தொகை உடையவனும் தன் பெயரில் ஒரு புத்தகம் வைத்திருக்க அது வழி செய்தது. தபாற்கந்தோரின் காசுக்கட்டளையும் சாதாரண மக்களுக்கு உற்ற துணையாயிற்று.

இவற்றோடு உண்டியல் என்ற பழைய முறையும் வழங்கியது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதலிய வணிகர் அதில் வல்லவர். இலங்கையில் ஒரு கடையிலே தொழிலாளி பணத்தைக் கட்டுவான். கடைக்காரர் தமிழ்நாட்டில் உள்ள தம் கூட்டாளிக்கு ஓலை போக்குவார். அங்கே குடும்பத்தார் கையிலே பணம் சேரும். உண்மையில் அந்தப் பணம் கடலைத் தாண்டுவதே இல்லை. சொல் மட்டுமே தாண்டிச் செல்லும். இந்தியாவிலிருந்து அரிசியும் துணியும் தருவிக்கும் வணிகருக்கு இந்தியாவிலே பணம் தேவை. தொழிலாளியிடமோ இலங்கையிலே பணம் உண்டு. இவ்விரு தேவைகளையும் ஒரு கணக்கேட்டிலே சந்திக்க வைத்தது உண்டியல்.

இனி, மாற்று விலையைப் பார்ப்போம். அக்காலத்துத் தொழிலாளிக்கு இதிலே கவலை இருக்கவில்லை. இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் ஒன்றுக்கு ஒன்றாய்ச் சமன்பட்டு நின்றன. 1927இல் புகையிரதம் திருகோணமலையை எட்டிய பின்னர், தலைமன்னார் சென்று தனுஷ்கோடிக்குக் கப்பலேறுவோர் மடியில் முடிந்து சென்ற ரூபா அக்கரையிலும் அதே மதிப்பைப் பெற்றது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலையின் முக்கியத்துவம் பெருகிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. ஆயினும் கப்பற்பட்டறையிலும் சீனன்குடாவிலும் வேலை தொடர்ந்தது. கூலியும் ஊருக்குச் சென்றுகொண்டிருந்தது. இரு ரூபாக்களின் சமநிலை 1966 ஜூனில் இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைக்கும் வரை நீடித்தது.

மூன்றாவது பொருளாகிய அனுமதிதான் சுதந்திரத்திற்குப் பின் பெருஞ் சிக்கலாயிற்று. சேர் சொராப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் 1934இல் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் வழியே 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1950இல் மத்திய வங்கி தோன்றியது. நாட்டிற்கெனச் சொந்த வங்கிகள் அமைந்தது நன்மையே. அதே வேளையில் 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம், நாட்டை விட்டுப் பணம் செல்லும் வாயிலிலே காவல் வைத்தது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். தளத்தை நம்பி வாழ்ந்த பலரின் பிழைப்பு ஆட்டங்கண்டது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எந்நாட்டுக் குடியுரிமையும் இன்றி நின்ற இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அவ்வொப்பந்தத்திலே நம் பொருளுக்கு நேரே உரிய வாசகம் ஒன்று உண்டு. இந்தியா திரும்பும் குடும்பம் ஒன்று எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்பட மாட்டாது என்பதே அது. ஒரு தலைமுறையின் உழைப்பு முழுவதையும் தன்னோடு கொண்டு செல்வதற்கு மனிதன் இரு அரசாங்கங்களின் உடன்பாட்டை எதிர்பார்த்து நின்றான். அவ்வாண்டு டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியையே அழித்தது.

பின்னர் காலச் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றது. 1977க்குப் பின் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஆடவரும் பெண்டிரும் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றனர். 1983க்குப் பின் போரினால் இடம்பெயர்ந்தோர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறினர். பணம் அனுப்பும் ஊராக இருந்த திருகோணமலை, பணத்தை எதிர்பார்க்கும் ஊராயிற்று. வெளிநாட்டிலே உழைப்போர் தாய்நாட்டு வங்கியில் அந்நிய நாணயமாகவே வைப்பிட வகை செய்யும் கணக்குகள் தோன்றின. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றபோது, அத்தகைய கணக்குகள் பல ஒன்றிணைந்து தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்னும் பெயரைப் பெற்றன.

ஆனால் மூன்று பொருள்களுள் ஒன்று பழுதுபட்டால் நேர்வது யாதென்பதை நாம் அண்மையிலே கண்டோம். 2020இல் வெளிநாட்டு உழைப்பாளர் வங்கிகள் வழியே அனுப்பியது ஏறத்தாழ 710 கோடி டொலர். 2021இல் டொலரின் அரசாங்க விலை 200 ரூபாவை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. வெளிச்சந்தையிலோ அதனினும் அதிக விலை கிடைத்தது. பலரும் உண்டியலை நாடினர். 2022இல் வங்கி வழியே வந்தது சுமார் 379 கோடி டொலராகச் சுருங்கிற்று. இதுவே நெருக்கடிக்கு ஒரே காரணமன்று; ஆயினும் அதனைக் கடுமையாக்கிய காரணங்களுள் ஒன்று.

பழைய உண்டியலும் புதிய உண்டியலும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். இரு ரூபாவும் சமமாக நின்ற காலத்திலே உண்டியலால் நாட்டிற்குப் பெருநட்டம் இல்லை. இன்று ரியாதிலே கொடுக்கும் ரியால் அங்கேயே தங்கிவிடுகிறது. வீட்டாருக்கு இங்குள்ள ரூபாவே கிடைக்கிறது. எண்ணெய்க்கும் மருந்துக்கும் வேண்டிய அந்நியச் செலாவணி நாட்டிற்கு வந்து சேருவதில்லை. சீனன்குடாவிலே பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் ஏறத்தாழ நூறு நிற்கின்றன. அவற்றின் அருகே வாழும் மீனவரும் 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றனர்! தொழிலாளியைக் குறை கூறுவது எளிது. ஆனால் தன் வியர்வைக்குக் குறைந்த விலை தரும் வாயிலை விட்டு, கூடிய விலை தரும் வாயிலை அவன் நாடியது இயல்பேயாம். 2022 மார்ச்சில் மாற்று விலை தளர்த்தப்பட்ட பின், வங்கிகள் வழியே வரும் பணம் மெல்ல மீண்டது. 2023இல் அது சுமார் 597 கோடி டொலராயிற்று.

ஆகவே, கடல் கடந்து செல்ல இருப்போர் புறப்படுமுன் தம் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்து, பின்னுரித்தாளர் யாரென்பதையும் பதிவு செய்துவிடுதல் நன்று. பிறர் பெயரில் சேர்ந்த பணத்திற்குப் பின்னர் உரிமை கோருவது கடினம். அரசாங்கத்திற்கும் இவ்வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. நம்பிக்கையும் நியாய விலையும் உள்ள வாயிலுக்கு மக்கள் தாமாகவே வருவர். அவை இல்லாத வாயிலுக்குச் சட்டத்தால் மட்டும் அவர்களை அழைத்து வர இயலாது.