வரையாடும் மலைச்சாலையும்: தென்னிந்திய மலைப் புல்வெளிகளின் இருநூறு ஆண்டுகள்

நீலகிரி வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழும் விலங்கு. வளர்ந்த கிடா 100 கிலோ வரை இருக்கும். பெண் ஏறக்குறைய அதில் பாதி. பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், சோலைக்காடுகளுக்கு இடையே விரிந்த புல்வெளிகளில் மேயும். புல் மட்டும் இருந்தால் போதாது. மேய்ச்சல் நிலத்தை ஒட்டிச் செங்குத்தான பாறைச் சரிவும் வேண்டும். சிறுத்தையோ செந்நாய்க் கூட்டமோ தென்பட்டால் மந்தை பாறைக்கு ஓடுமே தவிரக் காட்டுக்குள் ஓடாது. பாறையில் வாழும் ஆடுகளுக்கு ஆபத்து கீழிருந்துதான் வருவது வழக்கம். அவற்றின் பார்வையும் பெரும்பாலும் பள்ளத்தை நோக்கியே இருக்கும். பாறைக்கு மேலே, மேட்டு நிலத்தின் விளிம்பில் ஒரு மனிதன் துப்பாக்கியோடு வந்து நின்றுவிட்டால் இந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகும். 19ஆம் நூற்றாண்டின் மலைச்சாலைகள் அந்த மனிதனை அங்கே கொண்டு சேர்த்தன.

சாலைக்கு முன்பு இந்த மலைகளில் மனிதர் இல்லை என்பதில்லை. சங்கப் பாடல்களில் வருடை என்று வரும் விலங்கு இதுவே என்பது பொதுவான கருத்து. நீலகிரி மேட்டில் தோடர்கள் எருமை மேய்த்தார்கள். புதுப் புல் தழைக்க வேண்டிப் பழைய புல்லுக்குத் தீ வைத்தார்கள். அடிவாரத்திலும் சரிவுகளிலும் வாழ்ந்த மக்களிடையே வேட்டையும் இருந்தது. ஆனால் கொன்ற விலங்கை விற்பதற்குச் சந்தை இல்லை. விரைவாக ஏறி விரைவாக இறங்க வழியும் இல்லை.

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார். புதுச்சேரியின் தாவரவியல் தோட்டத்தை நடத்திவந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ த லா தூரும் அதே காலத்தில் இந்த மலைக்கு வந்து செடிகளைத் திரட்டினார். 1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு முதல் பாதை வெட்டப்பட்டது. அடுத்த பத்தாண்டில் குன்னூர் வழி திறந்தது. 1870களின் தொடக்கத்தில் அது மாட்டுவண்டிகள் ஏறத்தக்க புதிய சாலையாக மாறியது. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்ட ரயில் 1899-ல் குன்னூரையும் 1908-ல் ஊட்டியையும் எட்டியது. இவற்றில் பயணம் செய்தவர்கள் நோயாளிகள், ராணுவ அதிகாரிகள், தோட்ட முதலாளிகள். அவர்களில் கணிசமானோர் வேட்டைக்காரர்கள்.

லண்டனில் வில்லியம் ஓகில்பி இந்த விலங்குக்கு அறிவியல் பெயர் சூட்டியது 1838-ல். ஊட்டியின் வேட்டைக்காரர்கள் தங்கள் வழக்கில் இதை ஐபெக்ஸ் என்று தவறாக அழைத்தார்கள். முதுகில் வெளிர்நிறப் பட்டை விழுந்த முதிர்ந்த கிடாவை ‘சேடில்பேக்’ என்றார்கள். சுவரில் மாட்டும் தலைக்கு அதுவே உகந்தது. ஒரு தலைமுறைக் காலத்திலேயே மந்தைகள் அருகிவிட்டன. அதனால் கவலைப்பட்டவர்களும் அதே வேட்டைக்காரர்கள்தாம். 1877-ல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் உருவானது. 1879-ல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. உரிமம், வேட்டைக்கு மூடிய பருவம், பெண் விலங்கைச் சுடத் தடை ஆகியவை இதன் வழியே வந்தன.

இந்தச் சட்டத்தைப் பாதுகாப்பு வரலாற்றின் முன்னோடியாகப் புகழ்வதும், வெள்ளையர் தம் பொழுதுபோக்கைக் காத்துக்கொள்ளச் செய்த சூழ்ச்சி என்று தள்ளுவதும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. உரிமத்தோடு சுட்டவன் விளையாட்டு வீரன், உரிமமின்றிச் சுட்டவன் கள்ள வேட்டைக்காரன் என்ற பிரிவினை இங்கே தொடங்குகிறது. மலைமக்களின் வேட்டை ஒரே நாளில் குற்றமானது. ஆனாலும் நீலகிரியில் வரையாடு அடியோடு அழியாமல் 20ஆம் நூற்றாண்டைக் கண்டதற்கு அந்தச் சங்கத்தின் காவலாளிகள் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

துப்பாக்கிக்கு எதிராகச் சட்டம் வந்தது. புல்வெளிக்கு ஆதரவாக எதுவும் வரவில்லை. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் யூகலிப்டஸும் நீலகிரிக்கு வந்தன, 1860களில் சின்கோனா, தொடர்ந்து தேயிலை. இவற்றுக்கு நிலம் சோலையிலிருந்தும் புல்வெளியிலிருந்தும் எடுக்கப்பட்டது. மரமில்லாத நிலம் வெற்று நிலம் என்ற எண்ணம் வனத்துறைக்குள் ஆழமாக வேரூன்றியிருந்தது. மலைப் புல்வெளி இயற்கையானதா, காட்டை எரித்து மனிதன் உண்டாக்கியதா என்ற வாதம் வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. எரிந்துபோன காடுதான் அது என்றால் அங்கே மரம் நடுவது சீரமைப்பு. இயற்கைப் புல்வெளி என்றால் அதுவே அழிப்பு.

இந்த வாதத்தில் புதுச்சேரிக்கு ஓர் இடம் உண்டு. 1938-ல் வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன், உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கொன்றுவிடுவதால்தான் மேட்டில் புல் நிலைக்கிறது என்று எழுதினார். தீயும் மேய்ச்சலுமே காரணம் என்றவர்கள் அவரை மறுத்தார்கள். 1955-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தாவர வரைபடங்களை வெளியிடத் தொடங்கியது. கன்னியாகுமரித் தாள் 1961-ல் வந்தது. அந்த ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய வி. எம். மெஹர்-ஹோம்ஜி உறைபனிக் கேள்வியை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். பிரான்சுவா பிளாஸ்கோ 1971-ல் தென்னிந்திய மலைகளின் காடுகளையும் புல்வெளிகளையும் பற்றி அந்த நிறுவனத்தின் வெளியீடாகவே ஒரு முழு நூல் எழுதினார். 1993-ல் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புக் கரியின் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, உழவரோ மேய்ப்பரோ வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததை ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். அதற்குள் புல்வெளியின் பெரும்பகுதி மரத்தோட்டமாகிவிட்டது.

விடுதலைக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளே இந்த மாற்றம் வேகமெடுத்த காலம். பைக்காரா நீர்மின் திட்டம் 1932-லேயே இயங்கத் தொடங்கியிருந்தது. 1950களின் நடுவில் கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகளுக்காக அதுவரை ஒற்றையடிப் பாதை மட்டுமே இருந்த நீலகிரியின் மேற்கு ஓரத்துக்கு லாரிகள் போகும் சாலை வந்தது. அந்த மேற்கு ஓரம்தான் நீலகிரியில் வரையாட்டின் கடைசிப் புகலிடம். அணை கட்டும் ஆண்டுகளில் தொழிலாளர் முகாம்கள் மலை உச்சியிலேயே இருந்தன. முகாம் கலைந்த பிறகும் சாலை கலையவில்லை. அதன் வழியே சீகைத் தோட்டம் மேற்கே நகர்ந்தது. சீகைப் பட்டை தோல் பதனிடும் ஆலைகளுக்கும், யூகலிப்டஸ் மரம் 1960களில் சிறுமுகையில் தொடங்கப்பட்ட விஸ்கோஸ் ஆலைக்கும் இறங்கின. நீலகிரிக்கு முதல் பாதை புறப்பட்ட அதே சிறுமுகைக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து, புல்வெளியில் வளர்ந்த மரம் லாரி லாரியாகத் திரும்பி வந்தது. ஆலை பின்னாளில் மூடப்பட்டது. சீகை மரம் மட்டும் தன் விதையாலேயே பரவிக்கொண்டிருக்கிறது.

பழனி மலையின் கணக்கு இதைவிடக் கொடியது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையே அங்கிருந்த மலைப் புல்வெளியில் 66 விழுக்காடு மரத்தோட்டமாகவும் விளைநிலமாகவும் மாறியதைக் கண்டது. இந்த அளவுக்கு நிலத்தை மாற்றச் சாலை இல்லாமல் முடியாது. சாலையின் முதல் விளைவைத் துப்பாக்கி என்று சொன்னால், அதைவிட மெதுவான, ஆனால் எளிதில் மீள முடியாத இரண்டாம் விளைவு இது. மரம் மூடிய சரிவில் வரையாட்டுக்குப் புல்லும் இல்லை, தூரத்துப் பகையைக் காணப் பார்வை வெளியும் இல்லை.

வேட்டையை விட மேய்ச்சல் இழப்பே பெரிது என்று சொல்லிவிடலாம் போல் தோன்றும். ஆனால் வரையாட்டின் இனப்பெருக்க முறை அப்படிச் சொல்ல விடுவதில்லை. ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. ஈற்றுப் பருவம் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள். பத்து, இருபது தலைகள் மட்டுமே உள்ள தனித்த மந்தையில் சுருக்குக் கம்பியிலோ நாட்டுத் துப்பாக்கியிலோ ஆண்டுக்கு இரண்டு மூன்று பெண் ஆடுகள் போனால் மந்தை தேறாது. பக்கத்துப் பாறையிலிருந்து புது ஆடுகள் வந்து சேர்வதற்கான வழியைத் தேயிலையும் மரத்தோட்டமும் முன்பே அடைத்துவிட்டன. மேய்ச்சல் இழப்பு மந்தையைச் சிறிதாக்குகிறது. வேட்டை சிறிதான மந்தையை முடிக்கிறது.

வழக்கறிஞரும் காட்டுயிர் ஆர்வலருமான ஈ. ஆர். சி. டேவிதார் 1963-ல் நீலகிரியில் வரையாடுகளை எண்ணினார். 1975-ல் தொடங்கி மலைத்தொடர் முழுவதையும் ஆராய்ந்து, மொத்தம் சுமார் 2,200 ஆடுகள் இருப்பதாக மதிப்பிட்டார். விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1969-ல் கேரளத்தின் இரவிகுளத்தில் ஆராய்ந்திருந்தார். 1979 முதல் கிளிஃபர்ட் ரைஸ் அங்கேயே தங்கி வரையாட்டின் வாழ்வை விரிவாகப் பதிவு செய்தார். ஆய்வாளர்கள் இரவிகுளத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது: எண்ணும்படியாக ஆடுகள் அங்கேதான் இருந்தன.

அது ஏன் என்பதில்தான் சாலை பற்றிய பொதுமுடிவு ஒன்று சிக்கலாகிறது. இரவிகுளம் இருக்கும் கண்ணன் தேவன் மலை தேயிலைத் தோட்டங்களால் சூழப்பட்டது. தோட்டச் சாலைகள் அங்கும் உண்டு. துப்பாக்கி வைத்திருந்த தோட்டத் துரைமாரும் உண்டு. ஆனால் இரவிகுளம் மேட்டில் தேயிலை நடப்படவில்லை. தோட்டக்காரர்களின் வேட்டைச் சங்கம் அதைத் தனக்கென ஒதுக்கி, முதுவர் பழங்குடியினரைக் காவலாளிகளாக அமர்த்தியது. அந்த மேட்டைக் காலுக்குக் கால் அறிந்தவர்கள் அவர்களே. 1975-ல் அது சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. இன்று பூங்காவின் ராஜமலைப் பகுதிக்குச் சுற்றுலாப் பயணிகள் வனத்துறைப் பேருந்தில் மட்டுமே போகலாம். குட்டி ஈனும் பருவத்தில் அதுவும் நிறுத்தப்படும். அங்கே வரையாடு சாலையோரத்தில், மனிதரிடமிருந்து சில அடி தூரத்தில் மேய்கிறது. சாலை இருப்பதைவிட அதன் வாயிலில் யார் நிற்கிறார் என்பதே மந்தையின் கதியை முடிவு செய்திருக்கிறது.

மூணாற்றையும் கொடைக்கானலையும் இணைத்த உச்சிச் சாலை இதற்கு இன்னொரு சான்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் படையெடுத்தால் தப்பிச் செல்லும் வழியாகக் கருதப்பட்டதால் அதற்கு ‘எஸ்கேப் ரோடு’ என்ற பெயர் நிலைத்தது. பேரிஜம் வழியாகச் சோலைகளையும் மலை விளிம்பையும் ஊடுருவிச் சென்ற அந்தச் சாலை 1990-ல் மூடப்பட்டது. மீண்டும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை சுற்றுலாத் துறையினரிடமிருந்து அவ்வப்போது எழுகிறது. மூடிய சாலையை மீண்டும் திறக்கப் பொதுமக்கள் ஆதரவைத் திரட்டுவது எளிது; திறந்த சாலையை மூடுவதற்கோ போர் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

ஆனைமலையின் ஆழியாறு–வால்பாறை மலைப்பாதையில் நிலைமை வேறு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடுகளைப் பகலிலேயே காணலாம். கார்கள் நிற்கின்றன, தின்பண்டம் நீட்டப்படுகிறது, படமெடுக்கச் சிலர் சுவரேறுகிறார்கள். இங்கே துப்பாக்கி இல்லை. ஆனால் வாகனத்துக்கும் மனிதக் கைக்கும் பழகிவிட்ட மந்தைக்கு வேறொரு மலையில் அதே பழக்கம் உயிரைப் பறிக்கும். வேகமாக வரும் வண்டியும் ஆபத்தே. ஆனைமலையில் வரையாட்டின் உண்மையான பலம் இந்தச் சாலையோர மந்தையில் இல்லை. வால்பாறைத் தோட்டங்களுக்கு அப்பால், வாகனப் போக்குவரத்து இல்லாத புல்மலையில்தான் இருக்கிறது.

தொழில்துறைச் சாலை மேயும் விலங்கை எப்படிக் குறைக்கிறது என்பதற்கு உலகில் அதிகம் ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு கனடாவின் காட்டுக் கலைமான்கள். அல்பெர்ட்டாவில் எண்ணெய் தேட வெட்டிய நேர்கோட்டுப் பாதைகளில் ஓநாய்கள் வேகமாக நடந்து, முன்பு எட்ட முடியாத கலைமான்களை எட்டின. தென்னிந்திய மலைகளில் அந்த ஓநாயின் இடத்தில் பெரும்பாலும் மனிதன் இருந்தான். அதனால் இங்கே சட்டத்தால் செய்யக்கூடியது அங்கே இருப்பதைவிட அதிகம். பந்திப்பூர் சாலையில் 2009 முதல் இரவுப் போக்குவரத்து தடுக்கப்பட்டது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் திம்பம் வழியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரியில் தடை வந்தது. இவை யானை, மான், காட்டுமாடு நடமாடும் காட்டுச் சாலைகள். வரையாடு பகலில் மேயும் விலங்கு ஆதலால் இரவுத் தடை அதற்கு நேரடியாக உதவாது. மேட்டுச் சாலைகளில் சோதனைச் சாவடியும் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் நடையுமே பயன் தரும்.

1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் வைத்து எல்லா வேட்டையையும் நிறுத்தியது. நீலகிரியின் மேற்கு ஓரம் 1982-ல் முக்கூர்த்தி சரணாலயமாகவும் 1990-ல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. பரப்பு 78 சதுர கிலோமீட்டர். 2005-ல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு, வரையாடு இமயத்து தார் ஆடுகளைவிடச் செம்மறிகளுக்கு நெருக்கமானது என்று கண்டு அதற்குத் தனிப் பேரினம் வகுத்தார்கள்.

தமிழ்நாடு அரசு 2022 இறுதியில் 25.14 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளானது. 2024-ல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள் எண்ணப்பட்டன. 2025-ல் கேரளத்தோடு ஒரே நேரத்தில் எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. தமிழ்நாட்டின் முதல் எண்ணிக்கையிலிருந்து இரண்டாவதற்கு ஏற்பட்ட ஏற்றம் முழுவதும் பிறப்பால் வந்தது என்று கொள்ள இயலாது. எண்ணும் முறையும் எண்ணிய இடங்களும் விரிவாகும்போது தொகையும் கூடும். கேரளத்தின் தொகையில் பாதிக்கு மேல் இரவிகுளம் ஒன்றிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் புல்மலையும் முக்கூர்த்தியும் முன்னணியில் நிற்கின்றன. எஞ்சிய மலைகளில் மந்தைகள் சிறியவை, சிதறியவை. வரையாடு முன்பு வாழ்ந்து மறைந்த மலைகளில் அதை மீண்டும் குடியேற்றுவது திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அதற்கு முன் அந்த மேடுகளில் சீகை மரத்தை அகற்றிப் புல்லை மீட்க வேண்டியிருக்கிறது. அங்கே ஏறும் பழைய தோட்டச் சாலைகளில் எவற்றை மூடுவது, எவற்றைக் காவலுக்கு வைத்துக்கொள்வது என்பதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.