கூடிச் செல்லும் வழி

ஒரு கூட்டத்தின் வரலாற்றை எழுதுவோர், மேடையில் பேசியவர் யார், நிறைவேறிய தீர்மானம் யாது என்பவற்றைக் குறித்து வைப்பர். மக்கள் அங்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதை எழுதுவோர் அரியர். ஆயினும் யார் வர முடிந்தது, யார் வீட்டிலேயே தங்க நேர்ந்தது என்பதை முடிவு செய்வது பல வேளைகளில் பயணச் செலவேயாகும். திருகோணமலையின் கதை இதனை நன்கு காட்டும்.

1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு இந்நகரில் கூடியது. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து தொண்டர்கள் அணியணியாக நடந்தே வந்தனர். அக்கட்சியின் அரசியலை எடைபோடுவது இங்கு எம் நோக்கமன்று. நாம் கருதுவது வேறொன்று. அவர்கள் நடந்து வந்த நகரின் துறைமுகம் அன்று பிரித்தானியக் கடற்படையின் தளம். சீனன்குடாவில் அக்கடற்படைக்கென எழுப்பப்பட்ட 99 எண்ணெய்த் தாங்கிகள் நின்றன. எண்ணெய் ஏகாதிபத்தியத்துக்கு, கால்நடை மக்களுக்கு! 1957 ஒக்ரோபரிலேயே தளம் இலங்கையின் கைக்கு வந்தது.

1958 ஜனவரி 1 அன்று தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. பஸ் என்பது யாது? ஓர் எந்திரத்தின் செலவை ஐம்பது பேர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடன்றோ! கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கப்படும்வரை, காரில் வந்தவரும் கால்நடையாய் வந்தவரும் ஒரே பாதைக்காகத் துறையில் காத்துநின்றனர். கூடிச் செல்வது இம்மாவட்டத்துக்குப் புதிதன்று.

2022 இப்பாடத்தை மீண்டும் கற்பித்தது. அவ்வாண்டு ஜனவரியில் சீனன்குடாத் தாங்கிகளைப் பற்றி இந்தியாவுடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சில மாதங்களில் அந்நியச் செலாவணி வற்றி, நாடு முழுவதும் எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன. மேல் தாங்கித் தொகுதி காட்டுக்குள் வெறுமையாய்க் கிடந்தது. ஆகஸ்டு தொடக்கத்தில், கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கீடு நடந்தது. பெற்றோல் லீற்றர் 450 ரூபா.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடும் காரொன்று ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போய்வர 20 லீற்றர் வேண்டும். ஒரு வாரப் பங்கு முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும்! செலவு 9,000 ரூபா. நால்வர் கூடினால் தலைக்கு 2,250. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நான்கு கார்கள் சென்றால் 184 கிலோ. ஒரே காரானால் 46 கிலோ.

இது நெருக்கடிக் காலத்து வித்தை மட்டுந்தானா? இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க அரசு, தனியே கார் ஓட்டுவது பகைவனுக்குத் துணைபோவதாகும் என்று சுவரொட்டி ஒட்டிற்று. யுத்தம் முடிந்தது, பெற்றோல் பெருகிற்று, பகிர்வு மறைந்தது. பஞ்சம் கற்பித்த சிக்கனம் பஞ்சத்தோடு போய்விடும். சமுதாயம் அறிந்து தேர்ந்துகொண்ட சிக்கனமே நிலைக்கும்.

வாகனமில்லாத மாணவனும், இரவில் தனியே திரும்ப இயலாத ஆசிரியையும், மூதூரின் உட்கிராமத்து வாசகனும் வர இயலாத கூட்டத்தில், மக்கள் இலக்கியம் பற்றி எத்துணை உரத்துப் பேசினும் பயன் யாது? ஆகவே நாம் நடத்தும் கூட்டங்களின் அழைப்பிதழில், பேச்சாளர் பெயருக்கு அடுத்தபடியாக, பஸ் வரும் நேரத்தையும், எவருடைய வாகனம் எங்கிருந்து எத்தனை பேரை ஏற்றி வரும் என்பதையும் அச்சிடுவோம். கடைசி பஸ் புறப்படுமுன் கூட்டத்தை முடிப்போம். கூடி வாழ்வதைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் கூடியே போகட்டும்!