வடிவங்கள் கற்பித்த பாட்டு

பாடலாசிரியனை நினைவில் வைத்திருக்கும் உலகம், அவன் பாட்டை அச்சிட்டு ஊர் ஊராய்க் கொண்டுசென்றவனை மறந்துவிடுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளர்ந்த நற்செய்திப் பாடல்களைப் பொறுத்தவரை, பாட்டையும் அச்சையும் பிரித்துப் பேச முடியாதென்பதே என் எண்ணம். அல்பேர்ட் பிறம்லியின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று.

மேலைத்தேய இசையை எழுதும் ஐந்து கோடுகளைக் கண்டதும் பாமர மக்கள் மிரண்டார்கள். இதற்கு மாற்றாக, சுரக்குறிகளின் தலைக்கு வெவ்வேறு வடிவம் கொடுக்கும் முறையொன்று 1801இல் அச்சேறியது. அதில் நான்கு வடிவங்களே இருந்தன. 1846இல் ஜெசி எய்கின் ஏழு சுரங்களுக்கும் ஏழு வடிவங்களை அமைத்தார். நமது வழக்கிற் சொல்வதானால், ‘ச’ முக்கோணம், ‘க’ சாய்சதுரம், ‘ப’ வட்டம், ‘த’ சதுரம். சுருதி எங்கே மாறினாலும் முக்கோணம் ‘ச’வாகவே இருக்கும். சுருதிக்கேற்ப இடம்மாறும் ‘ச’வை அறிந்த நமக்கு இதன் அருமை எளிதிற் புரியும்.

உழவர்கள் பயிர்வேலை ஓய்ந்த நாட்களில் பாடற் பள்ளிகளுக்குச் சென்று இவ்வடிவங்களைப் பயின்றார்கள். அவர்களுக்காக வெளியீட்டாளர்கள் மலிவான தாளட்டைப் புத்தகங்களைப் புதிது புதிதாய் அச்சிட்டார்கள். டெனசி மாநிலத்து ஜேம்ஸ் வோகன், தமது புத்தகங்களை விற்பதற்காகவே 1910இல் நால்வர் குழுவொன்றைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊர்களுக்கு அனுப்பினார். பின்னாளில் மேடைகளை ஆண்ட நால்வர் பாடகர் மரபு புத்தக வியாபாரத்திற் பிறந்ததே.

பிறம்லி 1905இல், இன்றைய ஒக்லஹோமாவில், ஏழை விவசாயக் குடும்பத்திற் பிறந்தவர். 1926இல் ஆர்கன்சா மாநிலத்து ஹாட்ஃபோர்ட் இசைப்பள்ளிக்கு வந்தபோது, கட்டணம் செலுத்த அவரிடம் வழியில்லை. பள்ளியையும் பதிப்பகத்தையும் நடத்திய யூஜின் பார்ட்லெட் அவருக்கு இலவசமாகக் கற்பித்ததோடு, தம் வீட்டிலேயே தங்கவும் இடமளித்தார். தந்தையின் நிலத்தில் பருத்தி பறித்துக்கொண்டிருந்த வேளையில் பிறம்லியின் மனத்தில் ஒரு பாடல் கருக்கொண்டது. ‘நான் பறந்து போவேன்’ எனப் பொருள்படும் அப்பாடலை 1932இல் ஹாட்ஃபோர்ட் பதிப்பகம் வெளியிட்டது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். நியூ ஓர்லியன்ஸ் நகரத்து மரண ஊர்வலங்களிலும் அது ஒலிக்கிறது.

ஆனால் ஊரே பாடும் பாட்டு, எழுதியவனுக்குச் சொந்தமாயிருக்கவில்லை. பிறம்லியின் ஆரம்பகாலப் பாடல்களின் உரிமை ஹாட்ஃபோர்ட் பதிப்பகத்திடமே இருந்தது. 1948இல் அவர் அப்பதிப்பகத்தையே விலைக்கு வாங்கினார். தன் பாட்டை மீட்கக் கவிஞன் அச்சகத்தை வாங்க நேர்ந்த கதை, எழுத்தை நம்பி வாழ்வோர் சிந்திக்க வேண்டியது.

இதில் இன்னொரு முரணும் உண்டு. வானொலியைத் திருப்பச் சொல்லி 1938இல் ஒரு பாடல் எழுதியவரும் இதே பிறம்லிதான். பாட்டுப் புத்தகங்களுக்கு விளம்பரம் தந்த வானொலியும் இசைத்தட்டும், பாடிக்கொண்டிருந்த மக்களை மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டிருப்போராய் மாற்றின. வானொலியிலே பேசுகின்ற நான் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பிறம்லி 1977இல் மறைந்தார். வடிவக்குறிப் புத்தகத்தை விரித்து வைத்துக் கூடிப் பாடுவோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் இருக்கிறார்கள். அக்கூட்டங்களிலே பார்வையாளர் என்று தனியாக எவருமில்லை. வந்தவர் யாவரும் பாடுவோரே. வித்துவான்களுக்கென்றிருந்த கலையை உழவன் கையிற் கொடுத்த அந்த முக்கோணமும் வட்டமும் சதுரமும், என் கணிப்பில், எந்த இசைமேதையின் சாதனைக்கும் குறைந்தவையல்ல.